ரெட் டுவார்ஃபைச் சாகவிடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1999 ஏப்ரலில், பிரிட்டனின் விண்வெளி நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரான 'ரெட் டுவார்ஃப்' எட்டாம் சீசனின் கடைசிக் காட்சி. தன்னைக் கூட்டிப்போக வந்த எமனையே முழங்காலால் உதைத்துவிட்டு ஓடுகிறார் தொடரின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ரிம்மர். திரையில் 'முற்றும்' என்று எழுத்து வருகிறது. கூடவே, 'முற்றுமாவது மண்ணாவது' என்கிற தொனியில் இன்னொரு வரி. அதை நம்பி உட்கார்ந்த ரசிகர்கள் பத்து வருடம் உட்கார வேண்டியதாயிற்று. இப்போது மறுபடி ஒரு காத்திருப்பு. இரண்டு முறையும் நம்பிக்கையைக் கைவிடாமல் இருக்க உதவியவர்களுக்கு ஒருமுறையாவது பகிரங்கமாக நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி ராப் கிராண்ட், டக் நெய்லர் இருவருக்கும். வானொலிக்கு எழுதிய குட்டி நாடகத்தை வளர்த்து, முப்பது லட்சம் வருடம் கழித்து விண்கப்பலில் தனியாகக் கண்விழிக்கும் லிஸ்டர் என்ற கடைநிலை ஊழியனின் கதையாக்கினார்கள். பிபிசி திரும்பத் திரும்ப வேண்டாம் என்றது. மான்செஸ்டர் பிரிவு வழியாக அதற்கு வழி பண்ணிய தயாரிப்பாளர் பால் ஜாக்சனுக்கும் நன்றி. 1987இல் ஒத்திகை நடக்கும்போதே மின்பணியாளர் வேலைநிறுத்தம் வந்து படப்பிடிப்பு நின்றது. அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பாகியே விட்டது.

அடுத்து பீட்டர் ராக். மைல் கணக்கில் நீளமான கப்பலைக் கையால் செய்த மாடலை வைத்தே நம்ப வைத்த மனிதர். 1998இல் பழைய அத்தியாயங்களுக்கு மெருகேற்றுகிறோம் என்று அந்த மாடல்களைத் தூக்கிவிட்டுக் கணினி வரைகலையைப் போட்டார்கள். பளபளப்பாகத்தான் இருந்தது, கனம் இல்லை. ராக்கின் குழுவில் வேலை பார்த்த மைக் டக்கர், பதினொன்றாம் சீசனுக்கு மறுபடி மாடல்களோடு வந்தபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

ராபர்ட் லூயெலினுக்குத் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும். 1989இல் மூன்றாம் சீசனில் கிரைட்டன் என்ற ரோபோவாக வந்து சேர்ந்தார். பெட்டி பெட்டியாக மடிந்த அந்த ரப்பர் தலையை மணிக்கணக்கில் ஒட்டி, உள்ளே வியர்த்து ஊற்ற, நாள் முழுக்க நின்று வசனம் பேச வேண்டும். வசனமும் லேசுப்பட்டதில்லை, வாய்க்குள் நுழையாத அறிவியல் சொற்களாக நெய்லர் அவருக்கென்றே எழுதிக் குவிப்பார். 2020இல் வந்த சிறப்புப் படத்திலும் அதே தலைக்குள் போய் உட்கார்ந்தார். கிரெய்க் சார்ல்ஸும் சும்மா இல்லை. 'காரனேஷன் ஸ்ட்ரீட்' மாதிரி நிலையான வருமானம் தரும் தொடரை 2015இல் விட்டுவிட்டு லிஸ்டராக நடிக்கத் திரும்பினார். ரிம்மராக நடிக்கும் கிறிஸ் பேரி, கேட்டாக நடிக்கும் டேனி ஜான்-ஜூல்ஸ் இருவரும் அந்தச் சிறப்புப் படத்துக்கும் வந்தார்கள்.

டிவிடிகளுக்கு வசன வரிகள் போட்ட, முகம் தெரியாத ஆட்களுக்கும் ஒரு நன்றி. லிஸ்டர் பேசும் லிவர்பூல் ஆங்கிலம் என் போன்றவர்கள் காதில் ஏறவே ஏறாது. பொரித்த முட்டையும் மிளகாயும் சட்னியும் அடைத்த அந்தச் சாண்ட்விச்சுக்கு அவர் உருகுவது மட்டும் வசனமே இல்லாமல் புரிந்தது!

நடுவில் திரைப்படமாக எடுக்க நெய்லர் வருடக்கணக்கில் அலைந்தார், பணம் கூடிவரவில்லை. அப்போது கைகொடுத்தது டேவ் என்ற சின்ன சேனல். 2009 ஈஸ்டருக்கு மூன்று பகுதிகள் கொண்டுவந்தார்கள். கைக்காசு குறைவு, ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் கிடையாது, சிரிப்பொலியும் கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை. ஆனாலும் முதல் பகுதியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், அந்த எண்ணிக்கைதான் பத்தாம் சீசனுக்குக் கதவைத் திறந்தது. ஆகவே அன்று டிவி முன்னால் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் நன்றி.

பத்தாம் சீசன் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் முன்னால் படமானது. ஒளிபரப்பு 2012 அக்டோபரில்தான். குளிரில் வரிசையில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கதையைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அந்த ரசிகர்களை என்னவென்று சொல்வது! என்னால் ஒரு நாள் முடிந்திருக்காது. சம்பளம் இல்லாமல் ரசிகர் மன்றத்தை நடத்தி, 'டைமென்ஷன் ஜம்ப்' சந்திப்புகளைத் தொடர் வராத காலத்திலும் விடாமல் கூட்டியவர்களும் இந்த ரகம்தான். நடிகர்கள் எங்களை மறக்காமல் இருந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். தொடரின் உரிமை பற்றிய தகராறு 2023இல் சுமுகமாகத் தீர்ந்தது. அதைத் தீர்த்துவைத்தவர்களுக்கு நன்றி. புதிதாக மூன்று பகுதிகள் வரப்போகின்றன என்று குதித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் டேவ் சேனல் தன் கொள்கையை மாற்றிக்கொள்ள, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் இத்தனை வருடம் தாங்கிப் பிடித்த சேனலைத் திட்டவும் மனம் வரவில்லை. செய்தியை மழுப்பாமல் ரசிகர்களிடம் நேராகச் சொன்ன நெய்லருக்கு நன்றி.

இந்த மடலில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அடுத்த சீசனுக்கு 'சரி' சொல்லப்போகும் சேனல் அதிகாரி யாரோ, அவருடைய பெயருக்கு. எந்தச் சேனலாக இருந்தாலும் பரவாயில்லை. மாடல் கப்பலுக்கு மட்டும் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிடுங்கள், ஐயா.

நன்றியுடன்,
ஒரு ரெட் டுவார்ஃப் ரசிகன்