தோளுக்குக் கரண்ட் வைக்கும் மெஷின்: வாடகைக்குக் கேட்கிறவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்தவரின் தோளுக்குக் கரண்ட் வைக்கும் மெஷினை இனிமேல் பிசியோதெரபிஸ்ட் சீட்டு இல்லாமல் வாடகைக்குத் தருவதில்லை. ஓமலூர், ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி சேலம் வருகிறவர்களுக்கு இது அலைச்சல்தான். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. கை எலும்பின் தலையை அதில் நிறுத்தி வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை துவண்டுபோனால் கையின் கனமே எலும்பைக் கீழே இழுத்துவிடும். தோள் நுனிக்கு அடியில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரியும். தோள் இறங்கிவிட்டது என்கிறோமே, அதுதான். தோள்பட்டை எலும்பின் மேல்புறம் இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைக்கும், தோளை மூடியிருக்கும் டெல்டாய்ட் தசையின் பின்பகுதிக்கும் பேட் (கரண்ட் பாய்ச்சத் தோலில் ஒட்டும் பட்டை) ஒட்டி, தசை சுருங்கும் அளவுக்குக் கரண்ட் கொடுத்தால் எலும்பு மேலே ஏறும். பேட் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கழுத்துப்பக்கத் தசைதான் துள்ளும். சீட்டு கேட்பது இதற்காகத்தான்.

வாதம் வந்த ஆரம்ப வாரங்களில், வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் தோள் இறங்குவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாதக்கணக்கில் தள்ளிப்போனால் அந்தப் பலன் பெரிதாக இல்லை. வலி குறையுமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. ‘இதை வெச்சா கை வந்துடுமா?’ என்று கேட்பவரிடம் ஆமாம் என்று சொல்லி வியாபாரம் பண்ண எங்களுக்கு மனசு வரவில்லை.

டென்ஸ் மெஷினும் பார்க்க இதே மாதிரி சின்னப் பெட்டிதான். ஆனால் அது வலியைக் குறைப்பதற்கு. வழக்கமான அளவில் குறுகுறுக்கும், அவ்வளவே. தசையை இழுத்துத் தராது. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த மெஷின் வேண்டவே வேண்டாம். வலிப்பு, புற்றுநோய், கர்ப்பம் என்றால் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் எரிச்சல்கூடத் தெரியாது என்பதால், பேட் எடுத்ததும் தோலைப் பாருங்கள்.

அப்புறம், காசில்லாத ஒரு வேலை. படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். தலைக்கு மேல் கயிறு இழுக்கும் கப்பி எங்கள் கடையில் உண்டு. ஆனால் வாதம் வந்த தோளுக்கு என்று கேட்டால் தரமாட்டோம். அது வலியைக் கூட்டத்தான் செய்யும்.

ஏற்காட்டுக்காரர்கள் இதற்காக மலையிறங்க வேண்டாம். சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மெஷினை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம். பேட் மட்டும் வாடகைக்கு இல்லை. ஒருவருக்கு ஒட்டியதை இன்னொருவருக்கு ஒட்டக்கூடாது என்பதால் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.