தொட்டிச் செடியில சுத்திருக்கிற ஈயத்த எடுத்துரு தம்பி

தம்பி,

நேத்து போன்ல முழுசா சொல்ல முடியல, மீட்டிங் இருக்குன்னு வச்சுட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க, இந்த போன்ல ஒரு எழுத்த தொட்டா பக்கத்து எழுத்து வந்து நிக்குது. இங்க எல்லாரும் சுகம். உங்கம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, கடை வழக்கம்போல ஓடுது, முகூர்த்த மாசம்ங்கறதால பத்திரிக்கை ஆர்டர் கொஞ்சம் பரவால்ல. விஷயம் அந்த மீன் தொட்டி.

நீ ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். இடது பக்கம் செவப்புச் செடி கொத்துக் கொத்தா இருக்குல்ல, அதுக்கு அடியில மண்ணு விலகி சாம்பக் கலர்ல ஒரு பட்டை தெரியுது பாரு, வளைச்சு நசுக்கி விட்டிருக்கு. அது ஈயம்டா. செடி மெதக்காம அடியில நிக்கணும்னு கடைக்காரங்க சுத்திக் குடுக்குறது. வாங்கிட்டு வந்தவுடனே பிரிச்சு எடுக்கணும், நீ அப்படியே நட்டு வச்சிருக்க. மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஈயத்த கைல எடுத்தவன் நான், அந்தக் கலர் எனக்குத் தப்பாது.

போட்டோ எல்லாம் நல்லா தெளிவா விழுந்திருக்கு. ஜன்னல் வெயில் நேரா தொட்டி மேல அடிக்குது, செவ்வாக்கிழமை போட்டதுலயும் அப்படித்தான், வியாழக்கிழமை போட்டதுலயும் அப்படித்தான். கண்ணாடியில உன் உருவம் கூட தெரியுது, கைலியோட, தாடி விட்டிருக்க போல. லீவு போட்டிருப்பான்னு உங்கம்மா சொன்னா, நானும் ஆமான்னுட்டேன். நேரா வெயில் பட்டா தொட்டியில பாசி புடிக்கும், அதையும் பாத்துக்க.

நீ என்ன சொன்ன, "சின்ன வயசுல உங்க பிரஸ் ஈய எழுத்தத்தான கட்டிப் போட்டு மீன் வளத்தேன், எனக்கு என்ன ஆச்சு"ன்னு சிரிச்ச. அந்தச் சிரிப்புலதான் ராத்திரி பூரா தூக்கம் போச்சு. ஆமா, போட்டோம். ஊரெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிக்கிற டிடிபி, ஆப்செட்னு மாறி, ஈய எழுத்த அடுக்குற கம்போசிங் வேல நின்னு போனப்ப சம்பள பாக்கிக்கு காசில்லாம மொதலாளி எழுத்த சாக்குல அள்ளிக் குடுத்தாரு, எடைக்குப் போட்டுக்கங்கன்னு. அந்தச் சாக்கு கட்டிலுக்கு அடியில கெடந்தது. பிரஸ் மூடுன விஷயமே உங்கம்மாவுக்குத் தீபாவளி வரைக்கும் தெரியாது, காலையில தூக்குவாளிய எடுத்துட்டு கிளம்பிருவேன், அது வேற கதை. நீ அந்தச் சாக்குல இருந்து பெரிய பாயிண்ட் எழுத்தா பொறுக்கி நூல் கட்டி வேலம்பாசிக்கு அடியில போடுவ. "ழ" தான் நல்லா கனமா இருக்குன்னு நீ எடுத்து வச்சுக்கிட்டது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

ஆனா அந்தத் தண்ணி என்ன தண்ணி, இந்தத் தண்ணி என்ன தண்ணி. செல்லூர்ல நம்ம போர் தண்ணி, பக்கெட்ல வெள்ளையா படை படிஞ்சு சொரண்டுனாலும் போகாதே, சோப்பு நொரைக்காது, உங்கம்மா அதுக்கே எத்தன தடவ புலம்பியிருக்கா. அவ்வளவு உப்பும் சுண்ணாம்பும் இருக்கிற தண்ணியில ஈயத்துக்கு மேல வெள்ளையா ஒரு தோல் கட்டிக்கும், அதுக்கப்புறம் உள்ள இருக்கிறது லேசுல கரையாது. அதுதான் அன்னைக்கு நம்மள காப்பாத்துனது, நம்ம கெட்டிக்காரத்தனம் இல்ல. நீ இருக்கிறது கோயம்புத்தூர்ல, உங்க ஏரியாவுக்கு வர்றது சிறுவாணி. தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர முக்கி இம்புட்டுதான் காட்டுது பாருங்கப்பான்னு நீயே வீடியோ கால்ல பெருமையா காட்டுன. அந்தத் தண்ணியில சுண்ணாம்பு ரொம்பக் கம்மி, ஈயத்துக்குத் தோல் ஒழுங்கா கட்டாது. அதுக்கு மேல நீ சிலிண்டர் வச்சு கார்பன் டை ஆக்சைடு வேற விடுற, மரக்கட்டை வேற போட்டு தண்ணி டீ கலர்ல நிக்குது. ரெண்டும் தண்ணிய புளிப்புப் பக்கம் இழுக்கும், புளிப்பு ஏற ஏற ஈயம் கரையும். அமெரிக்காவுல பிளின்ட்னு ஒரு ஊர்ல 2014ல இதுதான் நடந்தது, தண்ணி எடுக்கிற எடத்த மாத்துனாங்க, குழாய் அரிக்காம இருக்க சேக்க வேண்டியத சேக்கல, அதே பழைய குழாய்ல இருந்து ஈயம் கரைஞ்சு வீட்டுக்கு வீடு குடிதண்ணியில வந்துருச்சு. அதுவரைக்கும் அந்தக் குழாயும் சும்மாதான் கெடந்துச்சு.

உங்கம்மா ஈயச்சொம்புல ரசம் வைக்கலையான்னு அடுத்து கேப்ப, உன்னைய எனக்குத் தெரியாதா. அது வெள்ளீயம், இது காரீயம். ரெண்டுக்கும் ஒரே பேர சொல்லி ஏமாத்துறவனும் இருக்கான், அதனாலதான் அந்தச் சொம்ப உங்க ஆச்சி வாங்குன கடைய விட்டு வேற எங்கயும் நான் வாங்க விட்டதில்ல.

நாளைக்கே மீனெல்லாம் செத்து மெதக்கும்னு நான் சொல்ல வரல. வருசக் கணக்கா ஈயப்பட்டையோட தொட்டி வச்சு ஒன்னும் ஆகாதவங்க இருக்காங்க. எனக்கு மீனப் பத்தி கவலையே இல்ல தம்பி. பாப்பா ஸ்டூல் மேல ஏறி நின்னு முழங்கை வரைக்கும் தொட்டிக்குள்ள விட்டுட்டு நிக்கிறா, அந்த ஒரு போட்டோதான். அடுத்த போட்டோவுல அதே கைய வாயில வச்சிருக்கா. அந்தப் பட்டை ரொம்ப மெதுவானது, நகம் பட்டாலே கோடு விழும், புள்ள உருவி எடுத்து வளைச்சு விளையாடும், கடிக்கும். சின்னப் புள்ளைங்க வயித்துக்குள்ள போற ஈயத்துல பெரியவங்க உடம்பு இழுக்கிறத விட நாலஞ்சு மடங்கு அதிகமா இழுத்துக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, இம்புட்டு இருந்தா பரவால்லங்கற அளவே கிடையாதுன்னும் சொல்லுது. உள்ள போனா எலும்புல போய் உக்காந்துக்கும், வருசக் கணக்கா அங்கயே கெடக்கும். வெளிய பாத்தா ஒன்னுமே தெரியாது, புள்ள ஓடியாடிக்கிட்டுதான் இருக்கும். அதான் பயமே.

பிரஸ்ல நாங்க கை கழுவாம டிபன் பாக்ஸ தொட்டா ஃபோர்மேன் வைவாரு. எழுத்துப் பெட்டிங்க இருக்கிற கேஸ் அறையில உக்காந்து டீ குடிக்கக் கூடாது, பீடி பத்தக் கூடாது. நான் வீட்டுக்கு வந்ததும் வாசல்ல நின்னு கை கால் கழுவுனதுக்கு அப்புறம்தான் உன்னைய தூக்குவேன், உங்கம்மாகிட்ட கேட்டுப் பாரு. உன் விஷயத்துல அம்புட்டு கவனமா இருந்தேன், நீ பாப்பா விஷயத்துல சிரிக்கிற.

சந்தேகமா இருந்தா பட்டைய எடுத்து வெள்ளைப் பேப்பர்ல தேச்சுப் பாரு, பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். பிளேடால கீறுனா உள்ள பளபளன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல மங்கிரும். அப்படி இருந்தா நெறைய வாய்ப்பு ஈயம்தான். கை கழுவிரு, சோப்பு போட்டு.

லெட் ஃப்ரீன்னு போட்டு ஒன்னு விக்குதுன்னு சொன்ன. விக்குது, ஈயம் இல்லன்னா அதுல வேற என்ன இருக்குன்னு கேட்டியா? துத்தநாகம், மக்னீசியம்னு ஏதாவது கலந்திருப்பான். மீனுக்கு ஒன்னும் செய்யாத அளவு துத்தநாகம் கூட இறாலுக்கு ஆகாது. போன மாசம் இறால் ஒன்னொன்னா செத்துச்சுன்னு சொன்னியே, செம்புக் கம்பி, பித்தளை ஏதாச்சும் உள்ள கெடக்கான்னு பாரு, மீனுக்கு ஊத்துற மருந்து டப்பாவுல காப்பர்னு போட்டிருக்கான்னும் பாரு. இறாலோட ரத்தத்துலயே செம்பு இருக்கு, ஆனா தண்ணியில கொஞ்சம் கூடிப் போனாலும் அது தாங்காது. கால்வனைஸ் கம்பியும் வேணாம், அது மேல பூசியிருக்கிறதும் துத்தநாகம்தான்.

உலோகமே வேணாம்ங்கறேன். பட்டைய பிரிச்சா உனக்கே தெரியும், அது நசுக்குன எடத்துல தண்டு கருத்து கொழகொழன்னு அழுகியிருக்கும், அதுக்குத்தான் இலை உதிருது, உரம் பத்தாம இல்ல. அழுகுனத வெட்டிட்டு ஒவ்வொரு தண்டா பிரிச்சு இடுக்கி வச்சு சாய்வா நடு, வேர் விட்டா தானா நிக்கும். அனுபியாஸ் மாதிரி கிழங்குத்தண்டு செடிய மண்ணுல புதைக்காத, கல்லுல பருத்தி நூல் வச்சு கட்டு, நூல் மக்குறதுக்குள்ள வேர் கல்ல புடிச்சுக்கும். கல்லு மேல வினிகர் விட்டுப் பாரு, பொங்குனா அது சுண்ணாம்புக் கல்லு, வேணாம். செடிய அடியில நிறுத்த பீங்கான் வளையம் கூட கிடைக்குது. எடுத்த ஈயத்த பால்கனி தொட்டியில போடாத, அடுப்புல வச்சு உருக்கிப் பாக்காத, பழைய பேட்டரி எடுக்கிறவன்கிட்ட குடுத்துரு. அப்புறம் தொட்டித் தண்ணிய கீரைக்கு ஊத்துறன்னு மருமக சொல்லுச்சு, ஈயத்த எடுத்து ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்துற வரைக்கும் அதை பூச்செடிக்கு ஊத்தச் சொல்லு.

பாப்பாவுக்கு ரத்தத்துல ஒரு தடவ ஈயம் டெஸ்ட் எடுத்துப் பாருங்க, டாக்டர்கிட்ட கேட்டா எழுதிக் குடுப்பாரு. ஆபீஸ் இன்சூரன்ஸ்ல வராதான்னு உங்கம்மா கேட்டா. நான் அதெல்லாம் எதுக்கு, நாமளே கட்டிக்கலாம்னு சொல்லிட்டேன்.

தொட்டி அழகாத்தான் இருக்கு, அதையும் சொல்லிர்றேன். கல்லு அடுக்கியிருக்கிற விதம், பின்னாடி செடி ஏறி முன்னாடி எறங்குறது, கடைக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம காட்டிட்டேன். ஒருத்தரு இதை காசு வாங்கிட்டே செஞ்சு குடுக்கலாமேன்னாரு. நான் அவன் இன்ஜினியருங்க, இது சும்மா பொழுதுபோக்குன்னேன். சொன்னதுக்கு அப்புறம், ஏன் செய்யக் கூடாதுன்னு தோணுச்சு. இங்க மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு, தண்ணிதான் உப்பு, ஆர்ஓ போட்டா போச்சு. சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றேன்.

அழகர் ஆத்துல எறங்குனதுக்கும் வரல. வேலைன்னு சொன்ன, சரி. கூட்டத்துல உன் கூட்டாளி ஒருத்தன் பாத்து, "மாமா அவன் எப்படி இருக்கான்"னு ஒரு மாதிரி கேட்டான். நல்லா இருக்கான்னேன். அவன் மேல ஒன்னும் கேக்கல, நானும் கேக்கல. ஆரப்பாளையத்துல இருந்து மணிக்கு எத்தனையோ பஸ் ஓடுது, நீ வராட்டி நான் ஏறி வர்றேன், ஈயத்த நானே எடுத்துட்டு மறுநாள் பஸ் ஏறிர்றேன்.

சீட்டு எடுத்தேன். அதுல முப்பதாயிரம் உன் அக்கவுண்ட்ல போட்டிருக்கேன், பீங்கான் வளையம், பாப்பா டெஸ்ட், அந்த மாதிரி செலவுக்கு. உங்கம்மாவுக்கு எவ்வளவுன்னு தெரியாது, கேட்டா மூவாயிரம்னு சொல்லு. போன தடவ மாதிரி திருப்பி அனுப்பாத.

அப்பா