நூறு ரூபாய் நஷ்டஈடு

அல்சூர், பெங்களூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் வக்கீல் தொழில் செய்யச் சன்னது எடுத்து, சேலம் கோர்ட்டிலேயே ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. நாம் சைக்கிளில் போகும்போது முன்கம்பியில் உட்கார்ந்து வந்த குழந்தை, இப்போது கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு போகிறாள்! என் ஆசீர்வாதத்தைச் சொல்.

ஆனால் நீ கீழே எழுதியிருந்தது மனசுக்குச் சங்கடமாக இருந்தது. "சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தால் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், இங்கே வாய்தா வாங்கியே காலம் போய்விடும்" என்கிறாய். அதைப் படித்தபோது, அந்தக் காலத்தில் உங்கள் சேலத்தில் வக்கீலாக இருந்த விஜயராகவாச்சாரியாரின் ஞாபகம்தான் வந்தது. இங்கே அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அவ்வப்போது போகிறேன். கொஞ்ச நாளாக அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சேலத்துக்காரர்கூட இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் 1852-ல் பிறந்தவர். பி.ஏ. முடித்து மங்களூரில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சேலம் கல்லூரிக்கு வந்தார். அந்த வேலையும் நிலைக்கவில்லை. யாரிடமும் போய்ப் பாடம் கேட்காமல் தானாகவே சட்டம் படித்துப் பரீட்சை எழுதி, 1881-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அடுத்த வருஷமே முனிசிபாலிட்டிக்கு உறுப்பினராக வந்துவிட்டார்.

அதே 1882-ல்தான் மசூதி கட்டுவது பற்றிய தகராறு பெரிய கலவரமாக வெடித்தது. தூண்டிவிட்டவர் இவர்தான் என்று வழக்குப் போட்டு, பத்து வருஷம் அந்தமானுக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. வக்கீலாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வயது முப்பது. வேறு யாராக இருந்தாலும் அதோடு முடிந்திருக்கும். இவர் மேல்முறையீடு செய்து, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். வந்தவர், தான் தப்பித்தால் போதும் என்று இருந்துவிடவில்லை. தன்னோடு தண்டனை பெற்று அந்தமானுக்குப் போனவர்களுக்காக வைசிராய் ரிப்பன் பிரபு வரை முறையிட்டு, அவர்களையும் விடுவித்தார். "சேலத்து வீரர்" என்ற பேர் அப்போதுதான் வந்தது.

இதெல்லாம் ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கலவரத்தைக் காரணம் காட்டி, அரசாங்கம் அவரை முனிசிபல் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. சம்பளமா கிம்பளமா, ஒன்றுமில்லாத பதவி. உயிர் தப்பியதே பெரிது என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. லண்டனில் உட்கார்ந்து இந்தியா முழுவதையும் ஆண்ட இந்தியா மந்திரியின் பேரிலேயே வழக்குப் போட்டார். என்ன தப்பு என்று சொல்லி விளக்கம் கேட்காமல் ஒரு ஊர்ப் பிரதிநிதியை எப்படி நீக்கலாம்? இதுதான் அவர் கேள்வி. 1884-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதவி திரும்பக் கிடைத்தது, நூறு ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. மகளிடம் சொல், தீர்ப்புத் தொகுப்பான ஐ.எல்.ஆர். 7 மெட்ராஸ், 466-ம் பக்கம். அவளுடைய சீனியர் ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கும். முதல் வேலையாக அதை எடுத்துப் படிக்கச் சொல்.

அந்த நூறு ரூபாயை நான் மிகப் பெரிய தொகையாக நினைக்கிறேன். ஏன் என்று இங்கே பெங்களூரில் இருந்தால்தான் உனக்குப் புரியும். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக இந்தப் பெரிய நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மன்றம் இல்லாமல் அதிகாரிகளை வைத்தே நிர்வாகம் ஓடியது. எங்கள் தெருவில் மழை பெய்தால் மோரித் தண்ணீர், அதாவது சாக்கடைத் தண்ணீர், படி ஏறி வரும். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், புகார் எண்களையெல்லாம் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் கவுன்சிலர் வீட்டு வாசலில் காலையிலேயே போய் நின்றுவிடுவாராம். இப்போது யார் வாசலில் நிற்பது என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்ல? இத்தனை லட்சம் பேர் சும்மா விட்டுவிட்ட நாற்காலி அது. அந்த மாதிரி ஒரு நாற்காலிக்காகத்தான் சேலத்தில் ஒற்றை ஆள் சாம்ராஜ்யத்தோடு வழக்காடினார்.

அப்புறம் அவர் பெரிய ஆளானது எல்லாம் உனக்குத் தெரியும். 1885-ல் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியபோதே அழைப்பு. 1895 முதல் ஆறு வருஷம் சென்னைச் சட்டசபை, பிறகு டெல்லியில் மத்திய சட்டசபை. 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைவர். தலைமை ஸ்தானத்தில் இருந்துகொண்டே ஒத்துழையாமைத் திட்டம் பற்றிக் காந்தியோடு வாதாடினார். பெண்களுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேசியவர். இவ்வளவும் சேலத்தில் வக்கீலாக இருந்துகொண்டேதான்.

அதோடு, 1900 வாக்கில் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலிருந்து வந்த ஒரு இளைஞர் அதே சேலத்தில் தொழில் தொடங்கினார். எங்கள் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தவர். ராஜாஜிதான். பெரியவர் வழிகாட்ட, 1917 முதல் 1919 வரை அவரும் சேலம் முனிசிபாலிட்டிக்குச் சேர்மனாக இருந்தார். பின்னால் தேசத்துக்கே கவர்னர் ஜெனரல் ஆனவர், உங்கள் ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினையையும் சாக்கடைப் பிரச்சினையையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனார். ஆகவே, "சேலத்தில் என்ன இருக்கிறது" என்று மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் வாயாடி என்று நீயே சொல்வாய். அந்த ஊருக்கு அது பொருத்தம்தான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். பேரன் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறான், தமிழ் எழுதத்தான் இன்னும் வரவில்லை. நான் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

அடுத்த மாதம் மாப்பிள்ளை காரில் சேலம் வருகிறோம், இரண்டு நாள் தங்குவோம். விஜயராகவாச்சாரியார் நினைவு நூலகத்துக்குப் போகவேண்டும். அவர் 1944-ல் காலமான பிறகு அவர் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தனவாம். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், பழைய தொகுப்புகளைப் பார்க்க யாரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று விசாரித்து வை. சனிக்கிழமையாக இருந்தால் மகளும் கூட வரலாம்.

என்றும் அன்புடன்,
உன் அல்சூர் நண்பன்