மனுவின் கடைசி வரி

தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சித்தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆட்சியர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவன். 19 வருஷம் ஆகிறது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எல்லா வாசலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊராருக்கெல்லாம் அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதிக் கொடுத்த கைக்கு, அனுப்புநர் இடத்தில் சொந்தப் பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் மனுவாக இல்லாமல் மடலாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாளன்று காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், பாதைத் தகராறு, நின்றுபோன முதியோர் உதவித்தொகை, குழுக் கடன் தவணை, மீட்டர் வட்டி, குடித்துவிட்டு அடிக்கும் புருஷன். எந்த மனுவானாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும்: "இதனால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்." பாதி நேரம் என் கை பழக்கத்தில் எழுதிவிடுவதுதான் அது. ஆனால் எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது, சர்வே எண்ணுக்கும் தேதிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர்கள் அந்த வரி வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனதும் மனு பிரிந்துவிடும். பட்டா என்றால் தாசில்தாருக்கு, வட்டி என்றால் காவல்துறைக்கு. எண் விழும், ஒப்புகைச் சீட்டு வரும். அந்தக் கடைசி வரி மட்டும் எந்தத் துறைக்கும் போவதில்லை.

2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே எரிந்துபோனது. அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்தவர்கள் என்று அப்போது செய்தி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வாசலிலும் சோதனை கெடுபிடியானது. போலீஸார் பையைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். அதனால் தப்பிய உயிர்கள் உண்டு. ஆனால் பாட்டிலைப் பிடுங்கிய பிறகு அந்த ஆளுக்கு என்ன நடக்கிறது? ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் தற்கொலை முயற்சி பொதுவாகக் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகத் தற்கொலைக்கு முயன்றால், அதே சட்டத்தின் 226ஆவது பிரிவின்படி இன்னும் குற்றம்தான். ஆக, நாட்டில் மற்ற இடங்களில் நோவாகப் பார்க்கப்படுவது உங்கள் வாசலில் வழக்காகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, 115ஆவது பிரிவில், அப்படி முயன்றவருக்குக் கடுமையான மன அழுத்தம் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. மறுவாழ்வு என்ற சொல் அதில் இருப்பதை யாராவது கவனித்தார்களா என்று தெரியவில்லை.

ஒருவர் எட்டு வாரம் தொடர்ந்து வந்தார். வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பக்கத்துக்காரருக்கு ஆள்பலமும் சாதிபலமும் உண்டு; இவருக்கு என் மனுதான் பலம். நாலாவது வாரம் ஆள் இளைத்துப்போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான்தான் அனுப்பினேன். போய்விட்டு வந்து சொன்னார்: "மாத்திர போட்டா தூக்கம் வருதுண்ணே. முழிச்சுப் பாத்தா பாத அடைச்சேதான் கெடக்கு."

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. என் சித்தப்பா மகன் இன்று வேலைக்குப் போவது மாத்திரையால்தான். ஆனால் பாதைக்கு மாத்திரை கிடையாது.

என் மகள் சமூகப்பணி படிக்கிறாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கை அவள்தான் காட்டினாள். நாடு முழுக்கத் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டுக் கணக்கில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே. இன்னொன்றும் சொன்னாள்: இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்த பகுதிகளில் தற்கொலைகள் சுமார் 18 விழுக்காடு குறைந்ததாம். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள். உதவித்தொகை திரும்ப வந்த மாதம் ஒரு கிழவி என்னிடம் நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போவதைப் பார்க்கிற எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பிளஸ் டூ தோற்ற பிள்ளைக்கு அதே வருஷம் துணைத் தேர்வு வைக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். ஒரு அரசாணை செய்கிற வைத்தியம்.

சரி, கேட்க வந்தது இதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல சமூகப் பணியாளர் என்று ஒரு பணியிடம் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் அவரை உங்கள் வளாகத்தில் உட்கார வையுங்கள். அவர் கையில் ஆலோசனை மட்டும் இருந்தால் போதாது. "இந்த மனுவை இந்த வாரமே பாருங்கள்" என்று தாசில்தாரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்கிற அதிகாரத்தை உங்கள் கையெழுத்தில் கொடுங்கள். ஒரே ஆள் ஒரே குறைக்கு மூன்றாவது முறை வந்தால், வரிசையில் நிற்க வைக்காமல் முதலில் அவரிடம் அனுப்புங்கள். எத்தனையாவது முறை என்பது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

மன ஆலோசனை தரும் உதவி எண்களான 14416ஐயும் 104ஐயும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்; முகம் சரியில்லாதவர்களுக்கு மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன். ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், நல்ல ஏற்பாடு. போன வாரம் ஓர் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்த நம்பர்ல பட்டாவப் பத்தியும் கேக்கலாமா தம்பி?"

மேசை போட இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். பை சோதிக்கும் இடத்துக்கும் பதிவு கவுண்டருக்கும் நடுவில், நான் உட்காரும் மரத்தின் இன்னொரு பக்கம். காலையில் நல்ல நிழல். மதியத்துக்கு மேல் வெயில் வரும். அப்போது நான் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
வேப்பமரத்தடி மனு எழுதுபவன்