ஞாயிறு நடை: மரம் அடர்ந்த குடியிருப்புத் தெருக்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குத் தொடங்கும் நமது நடையில், பெருஞ்சாலையின் இரைச்சல் எட்டாத, இருபுற மரக்கிளைகளும் மேலே கூடி நிற்கும் குடியிருப்புத் தெருக்களில் 3 கிலோமீட்டர் தூரத்தை அவசரமின்றி ஒன்றரை மணி நேரத்தில் கடக்க இருக்கிறோம். நிழலும் இலைகள் வெளியேற்றும் நீராவியும் சேர்ந்து காற்றைக் குளிர்விப்பதால், சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பியதும் ஒரு நிமிடம் நின்று அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வேர்கள் தள்ளி நடைபாதைக் கற்கள் ஆங்காங்கே மேலெழும்பியிருக்கும் என்பதால் (அண்ணாந்து பார்த்தபடியே நடந்து நான் ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன்) பிடிமானமுள்ள காலணி அணிந்து வரவும். அங்கு வசிப்போர் உறங்கும் நேரமாதலால் தணிந்த குரலில் பேசுவதும், வாசலில் நிற்போரை அனுமதியின்றிப் படம் எடுக்காதிருப்பதும் கட்டாயம். வர விரும்புவோர் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே தெரிவிக்கவும். 10 பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு அணிகளாகச் செல்வோம்.