குழந்தைப்பேறோடு முடிந்துவிடுவதா இனப்பெருக்க நலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இனப்பெருக்க நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் குழந்தைப்பேறு தள்ளிப்போகும்போதுதான் தொடங்குகிறது. குழந்தை பிறந்ததும் அடங்கிவிடுகிறது. இனப்பெருக்க நலம் என்பது நோயற்றிருப்பது மட்டுமன்று, உடலாலும் மனத்தாலும் சமூக வாழ்விலும் நலமாக இருப்பது என்று 1994-இல் கெய்ரோவில் கூடிய பன்னாட்டு மக்கள்தொகை மாநாடு வரையறுத்தது. முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பார்வை நமக்கு வாய்க்கவில்லை என்பது வருத்தம் தருகிறது.

மாதவிடாயையே எடுத்துக்கொள்வோம். ஓரிரு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய அளவுக்கோ ஏழு நாட்களுக்கு மேலாகவோ உதிரப்போக்கு இருந்தால், அது கருப்பை நார்க்கட்டியாகவோ தைராய்டு குறைபாடாகவோ இருக்கலாம். ஆனால், 'பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லிச் சொல்லியே அது ஒதுக்கப்படுகிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை வந்த பிறகுதான் ரத்தத்தில் ஹீமோகுளோபின், பெண்களுக்கு இருக்க வேண்டிய 12 கிராமுக்கு வெகுவாகக் கீழே இறங்கியிருப்பது தெரிய வருகிறது. பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களுக்கும் மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையோடு சிகிச்சை முடிந்துவிடக் கூடாது. நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் என்பதால் சர்க்கரை அளவையும் பார்த்துவர வேண்டும்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, பிரசவத்துக்குப் பிந்தைய அலட்சியம். கர்ப்பகாலத்தில் மட்டும் சர்க்கரை கூடியிருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் அவர் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த நாட்களில் குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லும் தாய், தன் பரிசோதனையைச் செய்துகொள்ளாமலேயே திரும்பிவிடுகிறார். அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடியவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் இவ்வாறே மறக்கப்படுகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் சிகிச்சையால் தீரக்கூடிய நோய்தான். அதைப் பிடிவாதம் என்று ஏசுவது கொடுமை.

இது பெண்களின் விஷயம் மட்டுமன்று. குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் உண்டு. ஆயினும் எளிய விந்துப் பரிசோதனைக்குக்கூட இணங்காத கணவர்கள் இருக்க, மனைவியர்தாம் ஆண்டுக்கணக்கில் சிகிச்சைக்கு அலைகிறார்கள். விறைப்புக் குறைபாடு, இதயத்தின் ரத்தக்குழாய்களிலும் அடைப்பு உருவாகிவருவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறியாக இருக்கலாம். வெட்கத்தால் அதை மறைத்து மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குபவர், உயிரைக் காக்கக்கூடிய எச்சரிக்கையைத் தவறவிடுகிறார்.

எனவே, தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கருத்தரிப்பு சிகிச்சைகளுக்குத் தரும் இடத்தை இவற்றுக்கும் தருமாறு வேண்டுகிறேன். மருத்துவர்களும், எந்த நோய்க்காக வந்த பெண்ணாயினும், மாதவிடாய் பற்றியும் முந்தைய பிரசவங்கள் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டு, அதைக் குறிப்பேட்டில் பதிந்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்