ரத்த வகை அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோரின் ரத்த வகையைக் கொண்டு குழந்தையின் ரத்த வகையைக் கணிக்கும் அட்டவணை ஒன்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்திருந்தது. ரத்த வங்கி ஆய்வகத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இத்தகைய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை தம்முடையதுதானா என்ற கலக்கத்தோடு ஆய்வக வாசலில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதன் கீழே இருந்திருக்க வேண்டிய ஒரு குறிப்பைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவருக்கு ஏ பாசிட்டிவ், அவர் மனைவிக்கு பி பாசிட்டிவ், பிறந்த பெண் குழந்தைக்கோ ஓ நெகட்டிவ். எங்கள் இருவரிடமும் இல்லாத வகை குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் கேட்க நினைத்து வாய்விட்டுக் கேட்காத கேள்வி வேறு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பரிசோதனைச் சீட்டில் எழுதப்படுவது வெளியே தெரியும் வகை மட்டுமே. குழந்தைக்குப் போய்ச் சேருவது உள்ளே இருக்கும் மரபணு. 9ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓ மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இருக்கிறது. ஏ, பி ஆகிய இரண்டும் ஓங்கு தன்மை உடையவை, சேர்ந்து வந்தால் இரண்டுமே வெளிப்படும். ஓ ஒடுங்கு தன்மை உடையது, இரண்டு பிரதியும் ஓ ஆக இருந்தால்தான் ஓ வகை தெரியும். ஆகவே ஏ வகைத் தந்தையும் பி வகைத் தாயும் ஆளுக்கொரு ஓ மரபணுவைத் தமக்கே தெரியாமல் சுமந்துகொண்டிருக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைத் தீர்மானிக்கும் டி ஆன்டிஜெனுக்கான (சிவப்பணுவின் மேலுள்ள ஓர் அடையாளப் பொருளுக்கான) மரபணு 1ஆம் குரோமோசோமில் தனியாக இருப்பதால், அது இல்லாத நெகட்டிவ் தன்மையும் இதே போலத் தன் வழியில் மறைந்து வரும். இருவரிடமும் இரண்டும் மறைந்திருந்தால் குழந்தைக்கு ஓ வகை வர நான்கில் ஒரு வாய்ப்பு, நெகட்டிவ் ஆக நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் ஒன்றாக அமைவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது ஓ நெகட்டிவ் உண்டா என்று கேட்டேன்; தம் தாயாருக்கு உண்டு என்றார். அந்தப் பாட்டி தம் மகனுக்குக் கொடுத்திருக்கக் கூடியவை ஓ மரபணுவும், டி இல்லாத குரோமோசோமும் மட்டும்தான். அவை மகனிடம் மறைந்திருந்து, மனைவி வழியிலும் அவ்வாறே மறைந்து வந்தவற்றோடு சேர்ந்து பேத்தியிடம் வெளிப்பட்டிருக்கின்றன. அந்தச் சந்தேகம் தீர ஒரு தாளும் பேனாவும் போதுமானதாக இருந்தது.

எல்லாச் சந்தேகமும் இப்படித் தீர்வதில்லை. பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் குழந்தை ஓ ஆக இருக்க முடியாது என்று எல்லா அட்டவணைகளும் கூறுகின்றன. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதன்முதலில் விவரித்த, இன்று பம்பாய் வகை என்று உலகெங்கும் அறியப்படும் ரத்த வகை இந்த விதிக்குள் அடங்காது. சிவப்பணுவின் மேல் எச் என்ற அடிப்படைப் பொருள் முதலில் உருவாக வேண்டும். ஏ மரபணு தரும் நொதி அதன்மேல் ஒரு சர்க்கரையையும் பி மரபணு தரும் நொதி வேறொரு சர்க்கரையையும் ஏற்றுகின்றன. ஓ மரபணுவின் நொதி செயல்படாததால் ஓ வகையினரிடம் எச் அப்படியே நிற்கிறது. அந்த எச் பொருளை உருவாக்கும் மரபணு இருப்பது 19ஆம் குரோமோசோமில். அதன் இரண்டு பிரதியும் பழுதானவரிடம் ஏ மரபணுவோ பி மரபணுவோ நல்ல நிலையில் இருந்தாலும், ஏற்றி வைக்க இடமில்லாததால், சாதாரணப் பரிசோதனையில் அவர் ஓ என்றே தெரிவார். ஏபி வகைத் தந்தைக்கு இப்படிப்பட்ட மகள் பிறக்கலாம். அந்த மகள் வளர்ந்து ஓ வகைக் கணவருக்கு ஏ வகைக் குழந்தையைப் பெறலாம். அட்டவணையை மட்டும் நம்புகிறவர் கண்ணுக்கு இரண்டு தலைமுறையிலும் குற்றம் தெரியும். குற்றம் செய்தவர் யாரும் இல்லை.

இந்தியாவில் இவ்வகையினர் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் என்றும், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. பழுதான ஒரே பிரதியை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுவதால், நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இது சற்று அதிகம் தென்படும். இவர்களுடைய பிளாஸ்மாவில் எச்சுக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள் இருக்கும் என்பதால், எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஓ நெகட்டிவ் ரத்தம்கூட இவர்களின் உயிருக்கே ஆபத்தாகும். நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) ஓ வகைச் சிவப்பணுக்களோடும் கலந்து பார்க்கும் ஆய்வகத்தில் இது வகை பார்க்கும்போதே பிடிபட்டுவிடும். அந்த ஒரு குழாய்ச் சோதனையை நேரமில்லை என்று விட்டுவிடுபவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கிறது.

மிக அரிதாக, ஏ, பி இரண்டின் பண்பும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து வரும் குடும்பங்களும் உண்டு. அங்கும் ஏபி வகைப் பெற்றோர் ஒருவருக்கு ஓ குழந்தை பிறக்கலாம். டி ஆன்டிஜென் மிக வலுவின்றி இருப்பவர் ஒரு சீட்டில் நெகட்டிவ் என்றும், ரத்த தானம் செய்யும் இடத்தில் நுணுக்கமாகச் சோதிக்கப்பட்டு பாசிட்டிவ் என்றும் குறிக்கப்படலாம். பிறந்த குழந்தையின் ஆன்டிஜென்கள் முழு வலுவை அடைந்திருக்காது, அதன் சொந்த எதிர்ப்பொருள்களும் சில மாதங்கள் கழித்தே உருவாகும் என்பதால், பிறந்த அன்று எழுதிய வகையைப் பின்னர் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். முரண்பாடு தெரியும்போது முதலில் ஐயப்பட வேண்டியது அந்தச் சீட்டையே.

பிள்ளையின் ரத்தம் பெற்றோருக்குப் பொருந்தாமல் போகுமா என்ற கேள்வியும் இதே தவறான புரிதலிலிருந்து பிறக்கிறது. ஏ வகைத் தந்தையின் பிள்ளை ஏபி ஆக இருந்தால், அந்தப் பிள்ளையின் ரத்தத்தைத் தந்தைக்கு ஏற்ற முடியாது. வகை பொருந்தினாலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. நெருங்கிய உறவினரிடம் திசு அடையாளங்களில் ஒரு பாதி பொதுவாக இருப்பதால், அவர் கொடுத்த ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அயலவை என்று அடையாளம் காணத் தவறி, அவை அங்கேயே தங்கிப் பெருகி அந்த உடலையே தாக்கக்கூடும். அரிதாக நேர்வதுதான் என்றாலும், நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. இதற்காகவே ரத்த உறவினர் கொடுக்கும் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்ற வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. பம்பாய் வகை நோயாளிக்குக் கொடையாளர் தேடும்போது மட்டும் முதலில் உடன்பிறந்தவர்களைச் சோதிக்கச் சொல்வோம். பெற்றோர் இருவரும் பழுதான பிரதியை மறைவாகச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வகை அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த அட்டவணையை மறுபடியும் வெளியிட நேர்ந்தால், அதே அளவு எழுத்தில் பின்வரும் குறிப்பையும் சேர்த்து அச்சிடுங்கள்: “அரிய விதிவிலக்குகள் உண்டு. பெற்றோரின் வகையைக் கொண்டு குழந்தையின் வகையை ஊகித்து எந்தப் படிவத்திலும் எழுதக் கூடாது. பரிசோதித்தே எழுத வேண்டும். வகை பொருந்துவது பெற்றோர் உறவை மெய்ப்பிக்காது. பொருந்தாமல் தோன்றினால் முதலில் ரத்த வங்கியில் மூவருக்கும் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.”

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்புநர்